டிக்கெட்டில் ஏறாத நோய்

பேராதனைப் பக்கமிருந்து மலையேறி வந்திருக்கும் மருத்துவ மாணவர்களுக்கும், இரவு வேலை முடித்துத் தூக்கக் கண்ணோடு அமர்ந்திருக்கும் தாதியருக்கும், ஆஸ்பத்திரிப் பதிவறை ஊழியர்களுக்கும், ஹந்தானைத் தோட்டத்திலிருந்து பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையைப் பிடித்துவிட்ட பெரியவர்களுக்கும் வணக்கம்.

இன்றைய பேச்சு குடலைப் பற்றியது. குடலுக்குப் போகும் குருதி தடைப்படும்போது வரும் நோய்கள் எவை, அவற்றை வைத்தியர் எப்படி எழுதுகிறார், எழுதியது எப்படி ஒரு குறியீடாகி நாட்டின் கணக்கில் ஏறுகிறது, எப்படிச் சிலவேளை ஏறாமலே போகிறது என்பதே பொருள். மதியச் சோற்றுக்குச் சற்று முன்னால் குடலைப் பற்றிப் பேசுவதை அவை பொறுத்தருள வேண்டும்.

ஹந்தானைக்குப் போகும் இந்தப் பாதையில் இன்னும் மேலே போனால் 1925-ல் கட்டிய பழைய ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. 2001 முதல் அது தேயிலை நூதனசாலை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட கதையைப் பள்ளிப் பிள்ளைகள் அங்கே கேட்டுவிட்டு வருகிறார்கள். அது 1867. அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. அதை எந்த நூதனசாலையும் காட்டுவதில்லை. இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவுக்கான கட்டளைச் சட்டம் வந்ததும் 1867-ல்தான். தேயிலைச் செடியும் இறப்புப் பதிவேடும் இந்த மலைநாட்டுக்கு ஒரே வயதுக்காரர்கள்.

தோட்டத்தில் ஒருவர் இறந்தால் அறிவிக்க வேண்டிய பொறுப்பைச் சட்டம் தோட்டத் துரையிடம் கொடுத்தது. வீட்டில் இறந்தவருக்கு என்ன நோய் என்று யார் சொல்வது? உறவினர் சொன்னதைத் துரை கேட்டார், துரை அறிவித்ததைப் பதிவாளர் எழுதினார். பதிவாளர் வைத்தியர் அல்லர். ஆக, மரணத்தின் காரணம் என்ற அந்தச் சின்னக் கட்டத்துக்குள், கேட்டவர்களுக்குப் புரிந்த ஒன்று மட்டும்தான் உட்கார முடிந்தது. வயிற்றுக்குள்ளே ஒரு நாடி அடைத்தது என்பது அந்தக் கட்டத்துக்குள் எப்படிப் போகும்?

அந்தக் காலம் அப்படி. இன்று கண்டி தேசிய வைத்தியசாலை இருக்கிறது, நாட்டின் இரண்டாவது பெரிய ஆஸ்பத்திரி. 1980-ல் திறந்த பேராதனை போதனா வைத்தியசாலை இருக்கிறது, அதன் பக்கத்திலேயே 1962-ல் தொடங்கிய மருத்துவ பீடமும் இருக்கிறது. சி.டி. ஸ்கேன் இருக்கிறது. இன்றாவது அந்த நோய் சரியான பெயரோடு கட்டத்துக்குள் ஏறுகிறதா?

முதலில் நோயைப் பார்த்துவிடுவோம்.

சும்மா இருக்கும்போதே இதயம் அனுப்பும் குருதியில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு வயிற்று உறுப்புகளுக்குப் போகிறது. சாப்பிட்ட பிறகு அது இன்னும் கூடும். பெருநாடியிலிருந்து மூன்று கிளைகள் முன்பக்கமாகப் பிரிகின்றன. அவற்றில் நடுவிலுள்ள மேல் மெசென்டெரிக் நாடிதான் சிறுகுடல் முழுவதற்கும் ஏறத்தாழச் சொந்தக்காரன்; பெருங்குடலின் முதல் பாதிக்கும் அதுவே. மலை உச்சியிலுள்ள பீலியிலிருந்து லயத்துக்கு ஒரே குழாயில் தண்ணீர் வருவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயின் வாயில் ஒரு சருகு அடைத்தால் கீழே எத்தனை வீடு காயும்?

குருதித்தடை நான்கு வழியில் வரலாம். இதயத்தில் உருவான குருதிக்கட்டி பாய்ந்து வந்து அடைக்கலாம். நாடியின் உள்சுவரில் பல வருடம் படிந்த கொழுப்பின்மேல் கட்டி உறைந்து அடைக்கலாம். நாளத்தில் உறைந்து, குருதி வெளியேற வழியில்லாமல் போகலாம். நான்காவது விசித்திரமானது, அதில் அடைப்பே இராது. அதிர்ச்சி நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவருக்கு நாடிகள் சுருங்கி, குடல் பட்டினி கிடக்கும். நான்கும் ஒரே இடத்தில் போய் முடியும். குடல் கறுக்கும், இறக்கும். முழு அடைப்பென்றால் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் மீட்க முடியாத சேதம் தொடங்கிவிடும். நல்ல வசதியுள்ள நாடுகளிலும் திடீர் வகை வந்தவர்களில் பாதிப்பேரளவில் இறக்கிறார்கள்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஆள் கற்பனை, நோய் கற்பனை இல்லை. கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டி, வயது 68. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டது. துடிப்பு ஒழுங்கில்லை; ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். குருதி உறையாமலிருக்க வார்ஃபரின் குளிசை எடுக்கிறார். இந்த மாதம் கிளினிக் திகதி தவறிவிட்டது, குளிசையும் முடிந்துவிட்டது. இரவு இரண்டு மணிக்கு வயிற்றுவலி. சாதாரண வலியில்லை, கத்திக் குளறும் வலி. ஒரு தடவை வாந்தி. ஒரு தடவை வயிற்றால் போனது. முச்சக்கரவண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள்.

பயிற்சி வைத்தியர் வயிற்றை அழுத்திப் பார்க்கிறார். மெத்தென்று இருக்கிறது. கிழவி துடிக்கிறார், வயிறோ ஒன்றுமே நடக்காததுபோல இருக்கிறது. இதுதான் அடையாளம். உலக அவசர சத்திரசிகிச்சைச் சங்கத்தின் 2017 வழிகாட்டி இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: தொட்டுப் பார்ப்பதில் தெரிவதற்குப் பொருந்தாத கடும் வயிற்றுவலி என்றால், இல்லையென்று நிரூபிக்கும்வரை அது குடல் குருதித்தடை என்றே எடுத்துக்கொள், நாடிகளைக் காட்டும் சி.டி. ஸ்கேனை உடனே எடு.

ஆனால் அந்த இரவில், அந்த வார்டில், கட்டிலுக்கு இரண்டு பேர் கிடக்கும் நெருக்கடியில், பாட்டி தமிழில் சொன்னதைச் சிற்றூழியர் சிங்களத்தில் சொல்ல, வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். நோயாளரின் குறிப்பேடான பெட் ஹெட் டிக்கெட்டின் முதல் பக்கத்தில் என்ன விழுகிறது? வாந்தி, வயிற்றோட்டம், வயிற்றுவலி. சந்தேகம்: கேஸ்ட்ரோஎன்டரைட்டிஸ், அதாவது இரைப்பை, குடல் அழற்சி.

இங்கேதான் நம் கதை தொடங்குகிறது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் படுத்து எழும்பிப் போகும் ஒவ்வொருவரின் டிக்கெட்டும் பதிவறைக்குப் போகிறது. பதிவு உத்தியோகத்தர் இறுதி நோய் நிர்ணயத்தைப் பார்த்து, சர்வதேச நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பிலிருந்து, அதாவது ஐ.சி.டி.-10-லிருந்து, ஒரு குறியீடு போடுகிறார். அது உள்நோயாளர் நோய், இறப்பு அறிக்கையாகி, சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்குக் கணினி வழியே போகிறது. நாட்டில் எந்த நோய்க்கு எத்தனை பேர், எத்தனை சாவு என்று ஆண்டறிக்கையில் அச்சாவது இதிலிருந்துதான்.

அந்தப் பதிவு உத்தியோகத்தர் பாட்டியைப் பார்த்ததில்லை. ஸ்கேனைப் பார்த்ததில்லை. பார்த்தாலும் நோயைத் தீர்மானிக்க அவருக்கு அதிகாரமில்லை. அவருக்கு இருப்பது ஒரு வரி. அந்த வரி எப்படியோ, குறியீடும் அப்படி.

ஒரே பாட்டி, ஒரே குடல். வரியை மட்டும் மாற்றிப் பார்ப்போம்.

‘வயிற்றுவலி’ என்று எழுதினால் ஆர்10. அது நோயே இல்லை, அறிகுறி. இலங்கையின் ஆண்டறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்படுவதற்கான முன்னணிக் காரணங்களில் ஒன்றாக ‘அறிகுறிகளும் அசாதாரணப் பரிசோதனை முடிவுகளும்’ என்ற தொகுதி இருக்கிறது. முன்னணிக் காரணமாம்! என்ன நோயென்று எழுதாமல் வீட்டுக்கு அனுப்பிய அத்தனை பேரும் அந்தத் தொகுதியில்தான் குடியிருக்கிறார்கள்.

‘கோலைட்டிஸ்’ என்று மட்டும் எழுதினால்? பெருங்குடல் அழற்சி, காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாத கோலைட்டிஸை உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய விதி ஏ09-ல் போடச் சொல்கிறது. ஏ09 தொற்றுநோய் அத்தியாயம். குருதி இல்லாமல் வெந்துபோன குடல், கெட்ட தண்ணீர் குடித்து வந்த வயிற்றோட்டத்தோடு சேர்ந்து எண்ணப்படும். குருதிக்குறைவைச் சொல்லும் ‘இஸ்கீமிக்’ என்ற ஒரு சொல் முன்னால் இருந்திருந்தால், குடலின் குருதிக்குழாய் நோய்களுக்கான கே55-க்குப் போயிருக்கும்.

‘ஏ.எம்.ஐ.’ என்று சுருக்கி எழுதினால்? இது இன்னும் மோசம். சத்திரசிகிச்சை வார்டில் அந்த மூன்றெழுத்து திடீர்க் குடல் குருதித்தடை. மருத்துவ வார்டிலும் பதிவறையிலும் அதுவே மாரடைப்பு. ஐ21 என்று விழுந்துவிடும். ஆஸ்பத்திரி மரணங்களில் இதய நாடி நோய் ஏற்கெனவே முதலிடத்தில் இருக்கும் நாடு இது. அந்தப் பெரிய எண்ணுக்குள் நம் பாட்டியும் போய்ச் சேர்ந்தால் யாருக்குத் தெரியும்?

‘மேல் மெசென்டெரிக் நாடியில் குருதிக்கட்டி அடைப்பு, சிறுகுடல் பரவலாக இறந்தது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உண்டு’ என்று எழுதினால்? கே55.0. கூடவே ஐ48. ஒரு வரிதான், எழுதுவதற்கு அரை நிமிடம்.

சுருக்கெழுத்துக்கு இன்னொரு வேடிக்கை உண்டு, சொல்லாமல் விட மனமில்லை. பேராதனை சிறுவர் வைத்தியசாலைப் பக்கம் வேலை செய்பவர்களுக்கு ‘என்.ஈ.சி.’ என்றால் குறைமாதக் குழந்தைகளின் குடலை அழுகவைக்கும் நெக்ரோட்டைசிங் என்டரோகோலைட்டிஸ். குறியீட்டுப் புத்தகத்தில் அதே மூன்றெழுத்துக்கு ‘வேறெங்கும் வகைப்படுத்தப்படாதது’ என்று பொருள். அந்தக் குழந்தை கே55-க்குப் போகக்கூடாது. பிறந்த குழந்தைகளுக்குப் பி77 என்று தனி வீடு இருக்கிறது. ஹேர்னியாவில் சிக்கிக் கறுத்த குடலும் கே55 அல்ல, முறுக்கிக்கொண்ட குடலும் அல்ல; முறுக்கியதற்கு கே56.2. சத்திரசிகிச்சை மேசையில் மூன்றும் ஒரே கறுப்பு. புத்தகத்தில் மூன்றும் வேறு பக்கம். ஆகவே ‘குடல் அழுகல், வெட்டி எடுக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதினால் பதிவு உத்தியோகத்தர் எந்தப் பக்கத்தைப் புரட்டுவார்?

கே55-க்குள்ளேயே அறைகள் உண்டு. திடீர் வகைக்கு 0, நாட்பட்ட வகைக்கு 1, பெருங்குடலின் குருதிக்குழாய்க் கோளாறான ஆஞ்சியோடிஸ்பிளேசியாவுக்கு 2, விபரம் எழுதாதவர்களுக்கு 9. அந்த ஒன்பதாம் அறைதான் எப்போதும் நிரம்பி வழியக்கூடியது.

நாட்பட்ட வகையைப் பற்றித் தோட்டத்துப் பெரியவர்கள் கொஞ்சம் காது கொடுக்க வேண்டும். சாப்பிட்டு அரைமணி நேரத்தில் வயிறு வலிக்கும். பிறகு அடங்கும். மறுபடி சாப்பிட்டால் மறுபடி வலிக்கும். நாளடைவில் சோற்றைக் கண்டாலே பயம் வரும், உடம்பு மெலியும். பெரும்பாலும் புகைபிடித்தவர்கள், நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள். ஊரில் இதற்கு என்ன பெயர்? கேஸ்ட்ரிக். டிஸ்பென்சரியிலும் கேஸ்ட்ரிக், கடையிலும் கேஸ்ட்ரிக். ஒமிப்ரசோல் குளிசை வருடக்கணக்கில் போகிறது. மெலிந்த பிறகு புற்றுநோயோ என்று தேடுகிறார்கள். புற்றுநோய் இல்லையென்று சந்தோஷமாகத் திருப்பி அனுப்புகிறார்கள். சாப்பாட்டுக்கும் வலிக்கும் நடுவிலுள்ள நேரம், குறைந்த கிலோ கணக்கு, புகைப் பழக்கம், இந்த மூன்றையும் கிளினிக் புத்தகத்தில் ஒருவர் எழுதி வைத்திருந்தால் அடுத்த வைத்தியராவது நாடியை நினைத்துப் பார்ப்பார்.

ஆஞ்சியோடிஸ்பிளேசியாவில் பிரச்சினை குருதி வடிவது. ‘குடலிலிருந்து இரத்தப்போக்கு’ என்று எழுதி நிறுத்திவிட்டால் கே92. பெருநாடி வால்வு சுருங்கியவர்களுக்கு இப்படி இரத்தம் வடிவதை எட்வர்ட் ஹைட் என்ற அமெரிக்க வைத்தியர் 1958-ல் ஒரு கடிதமாக எழுதினார். சில வரிகள்தான். இரண்டையும் ஒரே தாளில் சேர்த்து எழுதியதால் அந்தச் சேர்க்கைக்கே அவர் பெயர் வந்துவிட்டது.

இப்போது கடல் தாண்டி ஒரு பார்வை. அமெரிக்கா ஐ.சி.டி.-10-ன் தனது வடிவத்தை 2015 ஒக்டோபரில்தான் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. ஒரே வருடத்தில், 2016 ஒக்டோபர் 1 முதல், கே55.0 என்ற ஒற்றைக் குறியீட்டை 18 துண்டாக்கியது. சிறுகுடலா, பெருங்குடலா, எந்தப் பகுதியென்று தெரியாததா? மீளக்கூடிய குருதிக்குறைவா, இறந்தே போனதா? ஓரிடத்தில் மட்டுமா, பரவலாகவா, எழுதப்படவில்லையா? மூன்றை இரண்டால் பெருக்கி மறுபடி மூன்றால் பெருக்கினால் 18. அங்கே இந்த நுணுக்கத்துக்குப் பின்னால் காசு நிற்கிறது. குறியீட்டை வைத்துத்தான் காப்புறுதி நிறுவனம் பணம் கொடுக்கும். வைத்தியர் அரைகுறையாக எழுதினால் பதிவறையிலிருந்து எழுத்துமூலம் கேள்வி வரும், வைத்தியர் பதில் எழுதியே ஆகவேண்டும்.

இலங்கையில் ஆஸ்பத்திரி இலவசம். குறியீட்டுக்காக ஒரு சதம் யாருக்கும் வருவதில்லை, யாருக்கும் வெட்டப்படுவதுமில்லை. நல்ல விஷயம்தான், அதை யாரும் மாற்றக் கேட்கவில்லை. ஆனால் காசு இல்லாததால் கேள்வியும் இல்லாமல் போயிற்று. டிக்கெட் எப்படி வந்ததோ அப்படியே குறியீடாகிறது. இலவச சுகாதார சேவையில் குறியீட்டுக்கு இருக்கும் வேலை நாட்டுக்கு என்ன வியாதி என்று தெரிந்துகொள்வது, பில் போடுவதல்ல. அப்படியானால் அமெரிக்காவைவிட இங்கேதான் அது சரியாக இருக்கவேண்டும். நடப்பது தலைகீழாக இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் விதியொன்று இந்த இடத்தில் உதவும். முதன்மை நோய் என்பது சிகிச்சைக் காலத்தின் முடிவில் தீர்மானிக்கப்பட்ட நோய். வந்த இரவில் எழுதிய சந்தேகம் அல்ல. நம் பாட்டிக்கு மறுநாள் ஸ்கேன் எடுத்து, வயிற்றைத் திறந்து, இரண்டு அடி குடலை வெட்டினார்கள் என்று வைப்போம். ஸ்கேன் அறிக்கை ஒரு தாளில். சத்திரசிகிச்சைக் குறிப்பு இன்னொரு தாளில். முதல் பக்கத்தில் இன்னும் ‘கேஸ்ட்ரோஎன்டரைட்டிஸ்’. பாட்டி பிழைத்து வீடு போகும் நாளில் டயக்னோசிஸ் கார்ட் எழுதுகிறவர் முதல் பக்கத்தைப் பார்த்து எழுதுவாரா, சத்திரசிகிச்சைக் குறிப்பைப் பார்த்து எழுதுவாரா? அன்று காலை இருபது பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய ஒரு பயிற்சி வைத்தியரைக் கேட்டுப் பாருங்கள். அவரைக் குறை சொல்வது எளிது. அவருக்கு ஒரு நாற்காலியும் பத்து நிமிடமும் கொடுப்பதுதான் யாராலும் முடியவில்லை.

பாட்டி பிழைக்கவில்லை என்றால்?

அப்போது மரணச் சான்றிதழ். உலகம் முழுவதற்கும் ஒரே வடிவம். முதல் வரியில் நேரடிக் காரணம், அதன்கீழ் அதற்குக் காரணம், அதன்கீழ் அதற்கும் காரணம். முறையாக எழுதினால்: சிறுகுடல் இறப்பு, அதற்குக் காரணம் மேல் மெசென்டெரிக் நாடி அடைப்பு, அதற்குக் காரணம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதற்கும் காரணம் மைட்ரல் வால்வுச் சுருக்கம். வெறுமனே ‘இதயமும் சுவாசமும் நின்றன’ என்று எழுதினால் என்ன தெரியவரும்? இறந்த எல்லோருக்கும் அவை நின்றுதான் போகின்றன. கிறிஸ்டோபர் மரேயும் அலன் லோப்பஸும் உலக நோய்ச்சுமைக் கணக்கைப் போட்டபோது இப்படிப்பட்டவற்றுக்குக் ‘குப்பைக் குறியீடு’ என்று பெயர் வைத்தார்கள். கொஞ்சம் கடுமையான பெயர்தான், பொருத்தமான பெயரும்கூட.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது, மறைக்கக்கூடாது. முறையாக எழுதினாலும் அடிப்படைக் காரணமாகத் தெரிவாவது கடைசி வரி. அதாவது வால்வு நோய், ஐ05. கே55 அங்கேயும் மேலே நிற்காது. விதியில் பிழை இல்லை; பாட்டியைக் காப்பாற்றியிருக்க வேண்டிய இடம் வார்ஃபரின் கிளினிக் என்று அது சொல்கிறது. ஆனால் குடல் நோய் எத்தனை பேரைக் கொன்றது என்று அறிய வேண்டுமானால் சான்றிதழின் எல்லா வரிகளையும் குறியிட்டு எண்ணவேண்டும். ஒரே வரியை எண்ணும் கணக்கில் இந்த நோய் சரியாக எழுதப்பட்டாலும் பாதி மறைந்துதான் இருக்கும்.

எவ்வளவு மறைந்திருக்கும்? சுவீடனில் மால்மோ என்ற நகரம். 1970 முதல் 1982 வரை அங்கே இறந்தவர்களில் 87 சதவீதம் பேருக்குப் பிரேத பரிசோதனை நடந்தது. உலகில் வேறெங்கும் எளிதில் காணமுடியாத விகிதம். அந்தப் பதிவுகளைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, குடல் நாடி அடைத்து இறந்தவர்களில் மிகப் பலருக்கு உயிரோடு இருந்தவரை அந்தச் சந்தேகமே எழவில்லை என்று தெரிந்தது. பின்லாந்திலிருந்து இன்னொரு செய்தி: 75 வயதைத் தாண்டியவர்களுக்குத் திடீர் வயிற்றுவலி வந்தால், அப்பெண்டிசைட்டிஸைவிட இந்த நோய்தான் அதிகம். இலங்கை வேகமாக மூப்படையும் நாடு. வீட்டில் நடக்கும் திடீர் மரணம் விசாரணை அதிகாரியிடம் போகிறது. வயதானவர், இதய நோய்க்காரர், உறவினர் ஒருவருக்கும் சந்தேகம் இல்லையென்றால் வயிற்றைத் திறந்து பார்க்க யார் நிற்பார்கள்?

தொகுப்பு அட்டவணைகளும் கைகொடுப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்த் தொகுப்புப் பட்டியலில் குடல் அடைப்புக்குத் தனி வரி உண்டு, ஹேர்னியாவுக்கு உண்டு, அப்பெண்டிக்ஸுக்கு உண்டு. கே55 மட்டும் ‘குடலினதும் வயிற்றறை உறையினதும் ஏனைய நோய்கள்’ என்ற வரிக்குள் மலச்சிக்கலோடு சேர்ந்து கிடக்கிறது. ஆண்டறிக்கையைப் புரட்டி, எத்தனை குருதிக்குழாய் சத்திரசிகிச்சை நிபுணர் வேண்டும், இரவில் எந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் ஓடவேண்டும் என்று திட்டம் போடுகிறவருக்கு அந்த நோய் கண்ணில் படவே படாது. கண்ணில் படாத நோய்க்கு யார் ஆள் கேட்பார்கள்?

ஐ.சி.டி.-11 வந்துவிட்டது. 2019 மே மாதம் உலக சுகாதார மாநாடு ஏற்றுக்கொண்டது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறை. அதில் ஒரு மூலக் குறியீட்டோடு இடம், காலம், கடுமை என்று வேறு குறியீடுகளைக் கோத்துக்கொண்டே போகலாம். கோப்பதற்கு டிக்கெட்டில் சரக்கு வேண்டும். எந்தக் குடல், எந்தக் குழாய், நாடியா நாளமா, வலி தொடங்கிய மணி என்ன, குடல் மீண்டதா இறந்ததா, கட்டி எங்கிருந்து வந்தது என்ற விபரங்கள் வார்டிலேயே எழுதப்படாவிட்டால், புதிய புத்தகத்திலும் பழைய ஒன்பதாம் அறைதான் நிரம்பும்.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. இரண்டு காரியம் போதும், இரண்டும் செலவில்லாதவை. ஒன்று, வீட்டுக்கு அனுப்பும் நாளில் முதல் பக்கத்துச் சந்தேகத்தை வெட்டி, ஸ்கேனும் சத்திரசிகிச்சையும் சொன்னதை எழுதி, எழுதியவர் கையொப்பமிடுவது. இரண்டு, புரியாத வரி வந்தால் வார்டுக்குத் தொலைபேசி எடுத்து ‘டொக்டர், இது இதயமா குடலா?’ என்று கேட்கும் உரிமையைப் பதிவு உத்தியோகத்தருக்குக் கொடுப்பது. இப்போதும் சிலர் கேட்கிறார்கள். சிலருக்குப் பதில் கிடைக்கிறது. சிலர் திட்டு வாங்குகிறார்கள். எந்த வார்டில் எது கிடைக்கிறது என்பதை அவர்களே சொல்லட்டும். பதிவறையிலிருந்து வந்திருப்பவர்கள் முன்னால் வாருங்கள், ஒலிவாங்கி இனி உங்களிடம்.